கணுக்களும் கோடுகளும்: மன நோயை யார் வரைகிறார்கள்?

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுறவன் கணக்குப் பேச வந்திருக்கானேன்னு சிலருக்குத் தோணலாம். பகலெல்லாம் வங்கியில் எண்களோடு மாரடிக்கிறவன் நான். எண்களைக் கண்டு எனக்குப் பயமும் இல்லை, பக்தியும் இல்லை. புள்ளியியல் என்றாலே நம் ஆட்களுக்கு ஒரு சந்தேகம் வரும். நியாயமான சந்தேகம்தான். வெள்ளைக்காரன் காலத்தில் ரிஸ்லி என்கிற அதிகாரி மூக்கை அளந்து சாதிக்கு உயர்வு தாழ்வு சொன்னார். அளவுகோல் யார் கையில் இருந்ததோ அவர்கள் கையில்தான் அதிகாரமும் இருந்தது. அதுக்காக எண்களை அவங்ககிட்டயே விட்டுட்டு வந்துட முடியுமா? 1923-இல் ரூபாயின் பிரச்சினை பற்றி நூல் எழுதிய அம்பேத்கர் அப்படி விட்டுவிடவில்லை.

மனநல ஆராய்ச்சியில் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளாக ஒரு புதிய கணக்கு நடந்துகொண்டிருக்கிறது. வலைப்பின்னல் பகுப்பாய்வு என்று அதற்குப் பெயர். அது என்ன, எப்படிப் போடுகிறார்கள், நமக்கு அதில் என்ன இருக்கிறது, எங்கே உஷாராக இருக்க வேண்டும் என்பவற்றைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. 1851. அமெரிக்காவின் லூசியானா மாநிலம். சாமுவேல் கார்ட்ரைட் என்கிற மருத்துவர் ஒரு புதிய மனநோயைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். நோயின் பெயர் 'டிராபெட்டோமேனியா'. கிரேக்க மொழியில் ஓடிப்போனவனைக் குறிக்கும் சொல்லோடு பித்து என்கிற சொல்லை ஒட்டவைத்து உருவாக்கிய பெயர். கறுப்பின அடிமைகள் ஆண்டையிடமிருந்து தப்பி ஓடுகிறார்கள் அல்லவா, அந்த ஓட்டத்துக்குக் காரணம் இந்த நோய்தானாம்! வைத்தியமும் எழுதி வைத்தார். அடிமையைக் குழந்தை மாதிரி அன்பாக நடத்த வேண்டும். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் சாட்டையால் அடிக்க வேண்டும்.

இதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் அவர் செய்த காரியத்தின் வடிவத்தைக் கவனியுங்கள். ஒரு மனிதன் ஒன்றைச் செய்கிறான். அதற்கான காரணம் அவனைச் சுற்றி, கண்ணெதிரே இருக்கிறது: சங்கிலி, சவுக்கு, விற்கப்பட்ட பிள்ளைகள். அத்தனையையும் அழித்துவிட்டு, அவன் மண்டைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளை வைத்து, அதற்கு ஒரு பெயரும் வைத்தார். பெயர் வந்த பிறகு அதுவே காரணமாகிவிட்டது. ஏன் ஓடுகிறான்? நோய் இருக்கிறது, அதனால் ஓடுகிறான். நோய் இருப்பது எப்படித் தெரியும்? அதான் ஓடுறானே!

இப்போது இன்னொரு ஓட்டம். 1932. நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் என்ற ஊரில் பெண்பிள்ளைகளுக்கான அரசுச் சீர்திருத்தப் பள்ளி. இரண்டே வாரத்தில் 14 பெண்கள் தப்பி ஓடிவிட்டார்கள். வழக்கத்தைவிட முப்பது மடங்கு அதிகம். அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்தவர் ஜேக்கப் மொரேனோ. ருமேனியாவில் பிறந்து, வியன்னாவில் படித்து, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூத மனநல மருத்துவர். அவரும் ஹெலன் ஹால் ஜென்னிங்ஸ் என்ற ஆய்வாளரும் ஒவ்வொரு பெண்ணிடமும் எளிய கேள்விகளைக் கேட்டார்கள். யாரோடு ஒரே குடிலில் இருக்க உனக்கு விருப்பம்? யாரோடு விருப்பமில்லை? பதில்களைக் காகிதத்தில் வரைந்தார்கள். ஆளுக்கு ஒரு வட்டம், உறவுக்கு ஒரு கோடு. ஓடிய பெண்களின் மண்டைக்குள் தேடிக் கிடைக்காத விளக்கம் அந்தக் கோடுகளில் கிடைத்தது என்றார் மொரேனோ. ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு அந்த எண்ணம் போன பாதை அது. தாங்கள் அப்படி ஒரு சங்கிலியில் இருப்பது அந்தப் பெண்களுக்கே தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1934-இல் இதையெல்லாம் நூலாக வெளியிட்டார். சமூக வலைப்பின்னல் ஆய்வுக்கு அது ஒரு தொடக்கம்.

கார்ட்ரைட்டுக்கும் மொரேனோவுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் பாருங்க. ஆனால் இந்தக் கதையில் இன்னொன்றும் இருக்கு. அதே ஹட்சன் பள்ளியில் 1933-இல் அடைக்கப்பட்ட பெண்களில் ஒருவர் பின்னாளில் உலகமே கேட்ட பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். கறுப்பினப் பெண்களை அங்கே தனிக் குடில்களில் நெருக்கி அடைத்திருந்தார்கள். யாருக்கு யாரைப் பிடிக்கும் என்று கோடு போடலாம். யார் எந்தக் குடிலில் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்த நிறவெறியை வெறும் கோடுகளை வைத்துக்கொண்டு படிக்க முடியாது. இதை மனதில் வையுங்கள். பிறகு இங்கேதான் திரும்பி வரப் போகிறேன்.

மொரேனோ வரைந்தது மனிதர்களுக்கு இடையிலான வலை. இப்போது நடக்கும் ஆய்வில் கணுக்கள் மனிதர்கள் அல்ல, அறிகுறிகள். தூக்கமின்மை ஒரு கணு, களைப்பு ஒரு கணு, குற்ற உணர்ச்சி ஒரு கணு. அது ஏன் புதுசு என்று புரிய வேண்டுமானால் அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று பார்க்கணும்.

1904-இல் இங்கிலாந்தின் சார்லஸ் ஸ்பியர்மன் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பாடத்தில் நன்றாகச் செய்யும் மாணவன் மற்ற பாடங்களிலும் பெரும்பாலும் நன்றாகச் செய்கிறான். ஆகவே எல்லாவற்றுக்கும் பின்னால் 'பொது அறிவுத்திறன்' என்று ஒற்றைப் பொருள் ஒன்று ஒளிந்திருக்கிறது என்றார். காரணிப் பகுப்பாய்வு என்ற புள்ளியியல் முறை இதிலிருந்து வளர்ந்தது. கண்ணால் பார்த்தவை பல, அவற்றுக்குப் பின்னால் பார்க்க முடியாத காரணம் ஒன்று. 'தகுதி', 'திறமை' என்று நம்மிடம் சொல்லி வாயை அடைக்கிறார்களே, அந்தப் பேச்சு இந்த ஒற்றைப் பொருளைத்தான் நம்பி நிற்கிறது. 2006-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ஹான் வான் டெர் மாஸும் சக ஆய்வாளர்களும் வேறொரு கணக்குக் காட்டினார்கள். அப்படி ஒளிந்திருக்கும் பொருள் எதுவும் இல்லாமலே அதே எண்கள் வரும். படிக்கத் தெரிந்தால் கணக்கு எளிதாகிறது, கணக்கு வந்தால் தர்க்கம் வருகிறது, தர்க்கம் வந்தால் வாசிப்பு இன்னும் கூர்மையாகிறது. ஒன்றை ஒன்று வளர்க்கும் திறன்களே போதும். அப்படியானால், ஒரு குழந்தைக்குப் புத்தகம் கொடுக்காமல் இருப்பது அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியையே உடைப்பதாகும். 'தகுதி இல்லை' என்று பிறகு தீர்ப்புச் சொல்வதும் உடைத்த அதே கைதான்.

மனநோயிலும் இதே ஒற்றைப் பொருள் பார்வைதான் ஆட்சி செய்தது. 'மனச்சோர்வு' உள்ளே இருக்கிறது, தூக்கமின்மையும் களைப்பும் அதன் வெளி அடையாளங்கள். காய்ச்சலுக்குப் பின்னால் மலேரியாக் கிருமி இருப்பதுபோல. மலேரியாவில் கிருமியைக் கண்ணாடியில் காட்ட முடியும். மனச்சோர்வுக்கு அப்படிக் காட்ட எதுவும் கிடைக்கவில்லை. அறிகுறிகளை எண்ணித்தான் பெயர் வைக்கிறார்கள்.

எப்படி எண்ணுகிறார்கள்? அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிடும் கையேடு டி.எஸ்.எம். 1980-இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து அது பட்டியல் முறையில் போகிறது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி பெரும் மனச்சோர்வுக்கு 9 அறிகுறிகள். இரண்டு வாரத்துக்குக் குறையாமல் அவற்றில் ஐந்தாவது இருக்க வேண்டும். அந்த ஐந்தில் சோகம், எதிலும் நாட்டமின்மை ஆகிய இரண்டில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். இப்போது நம் கிளார்க் கணக்கைப் போடுவோம். ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ தேர்ந்தெடுக்க 256 வழிகள். முக்கியமான இரண்டும் இல்லாதவை 29. கழித்தால் 227. ஒரே நோய்ப் பெயருக்குள் போக 227 வாசல்கள்! ஒரே சீட்டு எழுதப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில் ஒரே ஒரு அறிகுறி மட்டும் பொதுவாக இருக்கலாம்.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. ஐகோ ஃபிரீட், ராண்டால்ஃப் நெஸ்ஸி என்ற இருவர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்காவில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 3,703 பேரின் அறிகுறிகளை எடுத்துப் பார்த்தார்கள். தூக்கம் குறைவது, கூடுவது என்பதுபோல எதிரெதிரானவற்றைப் பிரித்து எண்ணியபோது 1,030 விதமான அறிகுறிச் சேர்க்கைகள் வந்தன. எல்லாவற்றிலும் அதிகமாக வந்த சேர்க்கைகூட நூற்றுக்கு இரண்டு பேரிடம் இல்லை. இத்தனை வேறுபாடுகளையும் கூட்டி ஒரு எண்ணாக்கி, "உங்க மதிப்பெண் 18" என்று சொல்லும்போது எவ்வளவு அழிந்துபோகிறது என்று யோசியுங்கள். பன்மையை அழித்து ஒற்றை மையம் ஒன்றைக் கட்டுவது அதிகாரத்தின் பழைய பழக்கம். இங்கே அதைப் புள்ளியியல் செய்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஆம்ஸ்டர்டாம்காரர்கள் வருகிறார்கள். டெனி போர்ஸ்பூம், ஆங்கெலிக் கிராமர், சாச்சா எப்ஸ்காம்ப் முதலியோர். 2010-இல் கிராமரும் போர்ஸ்பூமும் மற்றவர்களும் எழுதிய கட்டுரை பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அவர்கள் சொன்னது இதுதான். அறிகுறிகள் எதற்கோ அடையாளம் என்று ஏன் நினைக்க வேண்டும்? அவையே ஒன்றையொன்று உண்டாக்கலாமே. தூக்கம் போனால் களைப்பு. களைத்தவனுக்குக் கவனம் நிற்காது. கவனம் நிற்காமல் வேலை கெட்டால் 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம். அந்த எண்ணம் ராத்திரி தூங்க விடாது. வட்டம் மூடிக்கொண்டது. இந்த வட்டம்தான் மனச்சோர்வு, இதற்குப் பின்னால் ஆவி மாதிரி வேறொன்று உட்கார்ந்திருக்க அவசியமில்லை.

வங்கியின் கவுன்டரில் உட்கார்ந்தவனுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. நகைக்கடன் ஏல அறிவிப்பு ஒரு வீட்டுக்குப் போகிறது. "ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லீங்க"ன்னு அடுத்த நாள் வந்து நிற்பார்கள். தூக்கமில்லாதவரால் கொளுத்து வேலைக்குப் போக முடியாது. போகாவிட்டால் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் வட்டி கட்ட முடியாது. அடுத்த அறிவிப்பு.

சரி, கோட்டை எப்படிப் போடுகிறார்கள்? பல நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து ஒவ்வொரு அறிகுறிக்கும் மதிப்பெண் வாங்குகிறார்கள். இரண்டு அறிகுறிகள் சேர்ந்தே கூடிக் குறைந்தால் அதை ஒட்டுறவு என்போம். அது மட்டும் போதாது. தூக்கமின்மையும் கவனச் சிதறலும் சேர்ந்தே வருகின்றன என்று வையுங்கள். நேரடித் தொடர்பா, களைப்பு வழியாக வந்ததா? ஒரே அளவு களைப்புள்ளவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அந்த ஒட்டுறவு மறைகிறது என்றால் நேர்க்கோடு கிடையாது, களைப்பு வழியாகத்தான் பாதை. அப்போதும் நிற்கிறது என்றால் கோடு உண்டு. இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் மற்ற எல்லாக் கணுக்களையும் நிலைநிறுத்திவிட்டு மிஞ்சும் ஒட்டுறவைக் கணக்கிடுகிறார்கள். பகுதி ஒட்டுறவு என்று பெயர். கோட்டின் தடிமன் அதன் வலிமை. 9 அறிகுறிக்கு 36 ஜோடி. 20 அறிகுறி என்றால் 190 ஜோடி. தற்செயலாக வந்த சின்னச் சின்ன ஒட்டுறவுகளை நீக்க, பலவீனமான கோடுகளைச் சுழியமாக்கும் முறை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். இதற்கெல்லாம் 'ஆர்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எப்ஸ்காம்ப் குழுவினர் 2012-இல் இப்படங்களை வரைவதற்கான நிரலை அதில் எல்லோருக்கும் பொதுவில் வைத்தார்கள். கணினி உள்ள எந்தக் கல்லூரி மாணவரும் செய்து பார்க்கலாம்.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். 2008-இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் பெரும் நிலநடுக்கம். பிழைத்தவர்களில் 362 பேரின் பேரதிர்ச்சி அறிகுறிகளை ரிச்சர்ட் மெக்நாலியும் சக ஆய்வாளர்களும் 2015-இல் வலையாக வரைந்தார்கள். எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து விழிப்பாகவே இருப்பதும், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவதும் தடித்த கோட்டால் இணைந்திருந்தன. இன்னொன்று, ஐகோ ஃபிரீட் குழு அதே 2015-இல் வெளியிட்டது. அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் வாழ்க்கைத் துணையை இழந்த முதியவர்களைப் பற்றியது. இழப்பு, 'மனச்சோர்வு' என்ற மொத்தப் பொருளைத் தாக்கி, அது எல்லா அறிகுறிகளையும் கிளப்பியது என்று எண்கள் சொல்லவில்லை. இழப்பு பெரும்பாலும் ஒரே கணுவைத் தொட்டது. தனிமை. தனிமையிலிருந்துதான் மற்றவை பரவின. இது உண்மையானால், துணையை இழந்த ஒரு கிழவிக்கு மாத்திரையோடு சேர்த்து யாராவது பேச வேண்டும், தினமும் வீட்டுக்கு ஒருத்தர் வர வேண்டும். இது மருத்துவமனை மட்டும் செய்யக்கூடிய வேலை இல்லை. தெரு செய்ய வேண்டியது.

இப்போது இந்தக் கோட்பாட்டின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். 2017-இல் போர்ஸ்பூம் இதை ஒரு முழுக் கோட்பாடாக எழுதினார். வலைக்கு வெளியே ஒரு 'புறப்புலம்' உண்டு என்கிறார். வேலை போவது, சாவு, அவமானம் எல்லாம் புறப்புலத்திலிருந்து வந்து கணுக்களைத் தட்டி எழுப்புகின்றன. இந்தக் கணித மாதிரி இயற்பியலிலிருந்து இரவல் வாங்கியது. இரும்புக்குள் இருக்கும் கோடானுகோடி சின்னக் காந்தங்கள் ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதைப் பார்த்துத் திரும்பும். வெளியே உள்ள காந்தப் புலமும் எல்லாவற்றையும் ஒரு பக்கம் திருப்பும். 1925-இல் இதை எழுதியவர் எர்ன்ஸ்ட் ஈசிங் என்ற ஜெர்மானிய யூதர். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-இல் அவர் ஆசிரியர் வேலை பறிபோனது. புறப்புலம் என்றால் என்ன என்று அந்த மனிதருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இந்த மாதிரியில் ஒரு முக்கியமான விளைவு இருக்கிறது. கோடுகள் பலவீனமாக இருந்தால், வெளி அடி நின்றவுடன் கணுக்கள் அணைந்துவிடும். கோடுகள் வலுவாக இருந்தால், வெளியிலிருந்து அடி நின்ற பிறகும் கணுக்கள் ஒன்றையொன்று எரியவைத்துக்கொண்டே இருக்கும். ஊதுபவர் போய்விட்டார், அடுப்பு எரிகிறது.

தோழர்களே, இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. 'நோய் உன் மூளைக்குள்ளே' என்று மட்டும் சொல்கிற மருத்துவத்தை வெட்டுகிறது. புலத்தைத் தொடாமல் ஒரு கணுவை மட்டும் அணைத்தால் புலம் அதை மறுபடி ஏற்றும். அதே நேரம் நம்மையும் வெட்டுகிறது. நாம என்ன சொல்றோம்? "இதெல்லாம் சமூகப் பிரச்சினை, சமூகம் மாறினா சரியாயிடும், டாக்டர்கிட்ட போறதெல்லாம் நடுத்தர வர்க்கத்துச் சொகுசு." எத்தனை கூட்டத்தில் கேட்டிருக்கிறோம்! தூங்காமல் இளைத்துப்போன தோழனை "களத்துக்கு வா, எல்லாம் போயிடும்" என்று இழுத்துக்கொண்டு போவதும் நடக்கிறது. புலம் மாறினாலும் வலை எரிந்துகொண்டிருக்கலாம். விடுதியை விட்டு வந்த பிறகும், அந்த வேலையை உதறிய பிறகும், ஊரை விட்டே போன பிறகும் ராத்திரிகள் அப்படியே இருக்கலாம். அந்த ஆளுக்கு இன்றைக்கே தூக்கம் வேண்டும். மாத்திரையோ மனநல ஆலோசனையோ எது உதவுகிறதோ அது அவருடைய உரிமை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை யாருடைய சொற்பொழிவைக் கேட்டும், என்னுடையதையும் சேர்த்து, நிறுத்திவிடாதீர்கள். போராட்டமும் சிகிச்சையும் ஒன்றுக்கு ஒன்று எதிரி அல்ல.

இனி எச்சரிக்கைகள். படம் அழகாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது.

முதலாவது, கோட்டுக்கு அம்புக்குறி கிடையாது. ஒரே நாளில் வாங்கிய பதில்களிலிருந்து எது எதை உண்டாக்கியது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, கூட்டத்தின் படம் தனி ஆளின் படம் அல்ல. எங்கள் கிளையில் கணினியில் வேகமாகப் பதிவு செய்பவர்கள்தான் பிழை குறைவாகச் செய்வார்கள், பழக்கம் அப்படி. ஆட்களை ஒப்பிட்டால் வேகம் கூடக்கூடப் பிழை குறையும். ஆனால் அதே ஆளை "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிப் பாருங்கள், பிழை கூடும். ஆட்களுக்கு நடுவில் ஒரு திசை, ஓர் ஆளுக்குள்ளே எதிர்த்திசை. அதனால்தான் இப்போது ஒரே ஆளிடம் நாளைக்குப் பலமுறை கைப்பேசியில் கேட்டு, அவருக்கென்று தனி வலை வரையப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது, உறுதி. 190 கோடுகளை நூறு இருநூறு பேரின் பதிலை வைத்து மதிப்பிட்டால் ஆளை மாற்றினால் படமும் மாறும். 2017-இல் மிரியம் ஃபோர்ப்ஸும் சக ஆய்வாளர்களும் இந்த வலைகள் மறுபடி செய்தால் அப்படியே வருவதில்லை என்று கடுமையாக எழுதினார்கள். ஆம்ஸ்டர்டாம் தரப்பு மறுத்தது. அதே தரவை வைத்துக்கொண்டு நடந்த சண்டை அது. 2015-இல் வந்த ஓர் ஆய்வு, மனச்சோர்வு நீடித்தவர்களின் வலை தொடக்கத்திலேயே நெருக்கமாக இருந்தது என்றது. 2018-இல் இளம்பருவத்தினரிடம் செய்தபோது அந்த வேறுபாடு உறுதிப்படவில்லை. படத்தோடு பிழை அளவையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது இப்போது ஒழுங்காகிவிட்டது. சண்டையால் வந்த லாபம் அது.

நான்காவது, மையக் கணு. அதிகக் கோடுகள் சேரும் கணுதான் முக்கியம், அதைத் தாக்கினால் வலை சரிந்துவிடும் என்று முதலில் உற்சாகமாகச் சொன்னார்கள். 2019-இல் லாரா பிரிங்மனும் மற்றவர்களும் இதைக் கேள்வி கேட்டார்கள். அந்த அளவுகள் மனிதர்களின் வலைக்காகச் செய்யப்பட்டவை. அறிகுறிகளுக்கு அப்படியே பொருந்தும் என்று யார் சொன்னது? போதாததற்கு, ஒரே விஷயத்தை இரண்டு சொல்லில் கேட்டிருந்தால் அந்த இரண்டு கணுவுக்கும் நடுவில் தடித்த கோடு விழும். அது நோயின் அமைப்பு அல்ல, கேள்வித்தாளின் அமைப்பு.

ஐந்தாவதுதான் கனமானது. ஒரே எண்கள், ஒளிந்திருக்கும் ஒற்றைப் பொருள் என்ற கதைக்கும் பொருந்தும், வலை என்ற கதைக்கும் பொருந்தும். பல சமயம் கணிதப்படி இரண்டும் ஒன்றையொன்று மாற்றிக்கொள்ளக் கூடியவை என்று 2018-இல் மார்ஸ்மன் முதலியோர் விளக்கி எழுதினார்கள். அப்படியென்றால் எண்கள் தாமாக உண்மையைச் சொல்லிவிடாது. எந்தக் கதையைச் சோதிக்கப் போகிறோம், எதை மாற்றிப் பார்க்கப் போகிறோம் என்பதை மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

ஆகவே கடைசிக் கேள்வி: யார் தீர்மானிக்கிறார்கள்? கேட்காத கேள்விக்குக் கணு கிடையாது. கணு இல்லாவிட்டால் கோடு கிடையாது. வரையப்படும் பெரும்பாலான படங்களில் அறிகுறிகள் மட்டும்தான் வட்டங்களாக இருக்கின்றன. புறப்புலம் கட்டுரையின் ஒரு பத்தியில் இருக்கும், படத்தில் இருக்காது. ஹட்சன் பள்ளியின் தனிக் குடில்களைச் சொன்னேன் அல்லவா. 2007-இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரி பற்றி தோரட் குழு தந்த அறிக்கையில் தலித், பழங்குடி மாணவர்கள் தொல்லை தாங்காமல் விடுதியின் குறிப்பிட்ட தளங்களுக்கு மாறி ஒன்றாக ஒதுங்கியது பதிவாகியிருக்கிறது. அந்த மாணவர்களிடம் யாராவது ஒரு மனச்சோர்வுக் கேள்வித்தாளைக் கொடுத்திருந்தால் தூக்கம், பசி, கவனம், குற்ற உணர்ச்சி எல்லாம் அழகான வலையாக வந்திருக்கும். எந்தத் தளத்தில் தங்கியிருக்கிறாய், ஏன் மாறினாய் என்ற கேள்வி அதில் இருக்காது. மையக் கணு தூக்கமின்மை என்று வந்தால் வைத்தியம் தூக்க மாத்திரையோடு முடிந்துபோகும். படம் பொய் சொல்லாது, ஆனால் பாதியைச் சொல்லும்.

நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மூன்றாம் பிரிவில் ஒன்றைச் சொல்கிறது. ஒருவரின் அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, அவர் எந்தப் பண்பாட்டு, இன, மதக் குழுவைச் சேர்ந்தவர் என்பதை வைத்தோ மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது. தன் சமூகத்தில் ஓங்கியிருக்கும் ஒழுக்க, அரசியல் மதிப்புகளுக்கு ஒத்துப்போகாததை வைத்தும் தீர்மானிக்கக் கூடாது. கார்ட்ரைட்டுகளுக்கு எதிரான வரிகள் அவை. மனப்பாடம் செய்து வையுங்கள். ஆனால் 'சமூக நிலையை வைத்து நோய் என்று சொல்லாதே' என்பது ஒன்று. 'சமூக நிலை மனதை என்ன செய்கிறது என்று கேட்காதே' என்பது வேறு. முதலாவது சட்டம். இரண்டாவது சோம்பேறித்தனம், சில சமயம் சூழ்ச்சி.

இங்கே உளவியலும் சமூகப்பணியும் புள்ளியியலும் படிக்கிற தம்பி தங்கைகள் இருக்கீங்க. உங்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். ஆய்வேட்டுக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும்போது ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்து அப்படியே கொடுக்காதீர்கள். முதலில் போய் உட்கார்ந்து கேளுங்கள். நம் அம்மாக்கள் 'மனச்சோர்வு' என்று சொல்ல மாட்டார்கள். 'நெஞ்சு படபடங்குது' என்பார்கள், 'மனசே சரியில்ல' என்பார்கள், 'கை கால் ஓயுது' என்பார்கள். அவை கணுக்களாக வரட்டும். 'இந்த வாரம் உங்க சாதியை யாராவது கேட்டாங்களா', 'கூலி பாக்கி இருக்கா', 'கடன்காரர் வந்தாரா' என்பவையும் கணுக்களாக வரட்டும். அந்தக் கணுவிலிருந்து தூக்கமின்மைக்கு ஒரு கோடு விழுகிறதா இல்லையா என்று பார்ப்போம். விழவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நமக்குச் சாதகமான படத்தை மட்டும் காட்டுவதற்கு மூக்களந்த ரிஸ்லி போதும், நாம் வேண்டாம்.

இன்னொன்று. ஒருவரின் ராத்திரிகளைப் பற்றிய தகவல் அவருடைய சொத்து. அதே சட்டம் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமையையும் தந்திருக்கிறது. ஒரு சின்னக் கிராமத்தில் பத்துப் பேரிடம் கேட்டு வலை வரைந்து, பெயரை மட்டும் நீக்கிவிட்டால் ஆள் தெரியாது என்று நினைக்காதீர்கள். படத்தை முதலில் அவர்களிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். எந்தக் கோடு சரி, எந்தக் கோடு தப்பு என்று அவர்களுக்குத் தெரியும். ஹட்சன் பள்ளியின் பெண்களிடம் அந்தப் படத்தைக் காட்டி, "நீ ஏன் ஓடினே?" என்று கேட்டிருந்தால் அவர்கள் இன்னும் இரண்டு கோடு சேர்த்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் பேச்சு இவ்வளவுதான். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பகுதி ஒட்டுறவு புரியாதவங்க கூச்சப்படாம வாங்க, பலகையில் மூணு கணு போட்டு ஒருமுறை கணக்குப் பண்ணிப் பார்த்துடலாம்.